கீரனூரிலிருந்து மெயின்கார்டுகேட் வர பஞ்சப்பூர் வரை போய்த்தான் ஆகணுமா?

கீரனூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்கு வேலைக்கு வருகிறேன், மெயின்கார்டுகேட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங். முன்பெல்லாம் புதுக்கோட்டை பஸ் நேராக சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து நிற்கும், இறங்கி நாலு எட்டு வைத்தால் டவுன் பஸ், அதிலும் அரசு பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. 2025 ஜூலையில் சென்ட்ரலில் நின்ற வெளியூர் ரூட் பஸ்களைப் பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனதிலிருந்து என் கணக்கு மொத்தமும் குழம்பிப் போய்விட்டது.

முதலில் விவரம் புரியாமல் எல்லாரோடும் சேர்ந்து பஞ்சப்பூர் வரைக்கும் உட்கார்ந்து போனேன். டிவிஎஸ் டோல்கேட், மன்னார்புரம் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டே தாண்டி, பஞ்சப்பூரில் இறங்கி, மாடிக்கு ஏறி டவுன் பஸ் பிடித்து, திரும்ப ஊருக்குள் வருவது. ஸ்டாண்டு நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன், எஸ்கலேட்டர் எல்லாம் இருக்கிறது, ஆனால் எனக்கு எஸ்கலேட்டர் வேண்டாம், பத்து மணிக்குக் கடையில் இருக்க வேண்டும். இப்போது டோல்கேட்டிலேயே இறங்கிவிடுகிறேன். அங்கே நின்றால் வருவதில் முக்கால்வாசி தனியார் பஸ். அரசு பஸ் வரட்டும் என்று நின்றால் நேரம் போகிறது, தனியாரில் ஏறினால் காசு போகிறது. ஒரு நாளைக்குப் பெரிய தொகை இல்லை, மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது.

ராத்திரி இதைவிட மோசம். கடை மூடி வெளியே வர ஒன்பது ஆகும். புதுக்கோட்டை பஸ் பஞ்சப்பூரிலிருந்து கிளம்பும்போதே சீட்டெல்லாம் நிரம்பித்தான் டோல்கேட்டுக்கு வருகிறது, பாலத்துக்குக் கீழே எந்த இடத்தில் நிற்பான், நிற்பானா மாட்டானா என்பதே தெரியாது. தினமும் இப்படி வந்து போகிறவர்கள் யாராவது இருந்தால் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். திருச்சியிலேயே ரூம் எடுத்துத் தங்கு என்ற யோசனை மட்டும் வேண்டாம், வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மலைக்கோட்டை நிழல்:

நீங்கள் இப்போது செய்வதுதான் சரி, டோல்கேட்டிலேயே இறங்குங்கள். புதுக்கோட்டை ரோட்டில் வரும் யாரும் ஊருக்குள் வேலையாக வந்தால் பஞ்சப்பூர் வரை போகத் தேவையே இல்லை. மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ மாறிப் போகிறவர்களுக்குத்தான் அந்த ஸ்டாண்டு.

டோல்கேட்டில் இறங்கியதும் பாலத்தடியிலேயே நிற்காதீர்கள், அது சும்மா புகையும் ஹாரனும்தான். தலைமைத் தபால் நிலையம் பக்கமாக நடந்து வாருங்கள். ஏர்போர்ட், கே.கே. நகர் பக்கமிருந்து பாலக்கரை, மரக்கடை, மெயின்கார்டுகேட் வழியாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ்ஸும் அங்கே கிடைக்கும், சென்ட்ரலிலிருந்து சத்திரம் போகிற பஸ்ஸும் கிடைக்கும். இரண்டு பக்கத்து வண்டியும் சேருகிற இடம் என்பதால் அரசு பஸ் கண்ணில் படுகிற வாய்ப்பு அதிகம். பாலக்கரை வழியா, புத்தூர் வழியா என்று மட்டும் கேட்டு ஏறுங்கள். புத்தூர் வழி வண்டி தில்லைநகர் எல்லாம் சுற்றிக்கொண்டு வரும், காலை நேரத்தில் அது வேலைக்கு ஆகாது.

தனியார் பஸ் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும், வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. சென்னையில் டவுன் பஸ் என்றாலே எம்டிசி, அதாவது அரசு பஸ்தான். திருச்சியில் அப்படி இல்லை, சத்திரம் சென்ட்ரல் லைனில் ஆரம்பத்திலிருந்தே தனியார் ஆட்சிதான். பாட்டை அலறவிட்டு, வாசலில் தொங்கிக்கொண்டே 'சத்ரம் சத்ரம் பாலக்கர மெயின்காட்கேட்' என்று ஒரே மூச்சில் கத்தி, ஏறுவதற்குள் டபுள் விசில் அடிக்கிற வண்டிகள். எரிச்சலாக இருந்தாலும் நிமிடத்துக்கு ஒன்று வரும். 2021 மே மாதம் மகளிர் இலவசப் பயணம் வந்தபோது நம் ஊரில் பாதிப் பெண்களுக்கு அது எட்டாததற்குக் காரணமே இதுதான், இலவசம் அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும், நம் ரோட்டில் ஓடுவதோ மற்றது.

பழைய கண்டக்டர்:

தங்கச்சி, நான் அரசு போக்குவரத்துக் கழகத்தில், கும்பகோணம் கோட்டத்தில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். டவுன் டூட்டி, ரூட் டூட்டி இரண்டும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஏன் அரசு பஸ் அடிக்கடி கிடைக்கவில்லை என்பதை உள்ளே இருந்து பார்த்த ஆளாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

பஞ்சப்பூர் சென்ட்ரலிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். ஸ்டாண்டை மாற்றினால் டவுன் பஸ்ஸை அங்கே வரைக்கும் நீட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் இறங்கிய ஜனம் நடுரோட்டில் நிற்கும். புது வண்டியும் புது ஆளும் அதற்குத் தகுந்த மாதிரி சேர்த்தால் பிரச்சினை இல்லை. இருக்கிற வண்டியையே நீட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு வண்டி ஒரு டூட்டியில் பத்து சிங்கிள் அடிக்கிறது என்று வையுங்கள், போக ஒன்று வர ஒன்று. சிங்கிளுக்கு முக்கால் மணி என்றால் ஏழரை மணி நேரம். அதே வண்டியைப் பஞ்சப்பூர் வரை நீட்டினால் சிங்கிளுக்கு இன்னும் இருபது நிமிடமாவது கூடும், அதே ஏழரை மணிக்குள் ஏழு சிங்கிள்கூட முழுசாக அடிக்க முடியாது. அதாவது பஞ்சப்பூரில் புதிதாக ஒரு பஸ் தெரிகிறது, பாலக்கரையில் நிற்கிற ஆளுக்கு மூன்று பஸ்ஸாவது காணாமல் போகிறது. ரூட் நீளுவது எல்லார் கண்ணுக்கும் தெரியும், பேப்பரில் போட்டோ வரும். சிங்கிள் குறைவது ஸ்டாப்பில் நிற்பவனுக்கு மட்டும்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டை எங்கே கொண்டுபோய்க் கட்டினாலும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: டவுன் வண்டி எத்தனை கூடுதலாகக் கொடுத்தீர்கள்? நடைமேடை எத்தனை, கடை எத்தனை என்றெல்லாம் சொல்வார்கள், இதற்கு மட்டும் பதில் வராது.

அதோடு டிரிப் கட், அதாவது நடையை ரத்து செய்வது என்று ஒன்று உண்டு. டெப்போவில் ஆள் பற்றாக்குறை என்றாலோ வண்டி பிரேக் டவுன் என்றாலோ ரூட் பஸ்ஸை நிறுத்த மாட்டார்கள், அதில் வசூல் இருக்கிறது. கை வைப்பது டவுன் வண்டியில்தான். கண்டக்டருக்கும் டிரைவருக்கும் பேட்டாவே வசூலைப் பார்த்துத்தான் என்பதால் அவர்களுக்கும் எந்த டூட்டியில் ஆசை இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தனியார் சமாச்சாரம் வேறு. அவர்கள் பெர்மிட்டில் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், எந்த வழி, எத்தனை நடை, என்ன டைமிங் எல்லாம் எழுதியிருக்கும். நினைத்த இடத்துக்கு நீட்ட முடியாது, ஆர்டிஓ ஆபீஸில் மனுப் போட்டு மாற்ற வேண்டும். ஒரு வண்டிக்கு டைம் மாற்றினால் அதற்கு முன் வண்டிக்காரன், பின் வண்டிக்காரன் இரண்டு பேரும் எதிர்ப்பான், டைமிங் கான்ஃபரன்ஸ் வைப்பார்கள், சில சமயம் கோர்ட் வரை போகும். வண்டிக்கும் வண்டிக்கும் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம்தான் இடைவெளி, அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் பாலக்கரை ரவுண்டானாவில் அப்படி முட்டிக்கொள்கிறார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராத்திரி திரும்பும்போது டோல்கேட் பாலத்தடியில் நிற்காதீர்கள். அதைத் தாண்டிப் புதுக்கோட்டை ரோட்டில் சுப்பிரமணியபுரம் ஸ்டாப்புக்கு வந்து நில்லுங்கள். பாலத்தடியில் நாலு பக்கத்து வண்டியும் இடிக்கும், டிரைவர் ஓரம் கட்டவே பார்க்க மாட்டான். சுப்பிரமணியபுரத்தில் ரோடு பிரிந்துவிடுகிறது, நிறுத்துவது சுலபம். போர்டு பார்த்து ஏறுங்கள். தேவகோட்டை, ராமேஸ்வரம் வண்டிக்காரன் கீரனூருக்கு முகம் கொடுக்க மாட்டான், புதுக்கோட்டை போர்டு போட்டு ஸ்டாப் எல்லாம் நின்று போகிற சாதாரண வண்டிதான் உங்களுக்கு. சீட் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏர்போர்ட்டிலும் மாத்தூரிலும் கொஞ்சம் இறங்குவார்கள், அதற்கப்புறம் உட்காரலாம்.

திருவெறும்பூரான்:

அண்ணன் சொன்ன சிங்கிள் கணக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் எல்லாரும் சேர்ந்து பஞ்சப்பூரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சென்ட்ரல் எப்படி இருந்தது என்று அதற்குள் மறந்துவிட்டதா? சாயங்காலம் ஸ்டாண்டுக்குள் நுழையக் காத்திருக்கும் வண்டிகள் ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும், ஜங்ஷனில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போவான். ஜங்ஷன் மேம்பாலம் ஒரு பக்கம் ராணுவ நிலத்தால் வருஷக்கணக்கில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த காலம் வேறு. அந்த ஸ்டாண்டை அங்கேயே வைத்துக்கொண்டு ஒன்றும் செய்திருக்க முடியாது. பஞ்சப்பூரில் நாற்பது ஏக்கருக்குக் கட்டியிருக்கிறார்கள், டவுன் பஸ்ஸுக்கே மாடியில் 56 இடம் விட்டிருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து ஊர் அந்தப் பக்கம் வளர்ந்திருக்கும்போது எல்லாரும் பாராட்டுவார்கள். கள்ளிக்குடி மார்க்கெட் மாதிரி கட்டிவிட்டு ஆளில்லாமல் போகவில்லையே, அந்த மட்டும் சந்தோஷம்.

என் பிரச்சினை வேறு. தஞ்சாவூர் வண்டி எல்லாம் துவாக்குடி, பெல் தொழிற்சாலை, திருவெறும்பூர், காட்டூர், அரியமங்கலம், பால்பண்ணை, ஜி கார்னர் என்று ஹைவேயில் வந்து டோல்கேட், மன்னார்புரம் தாண்டிப் பஞ்சப்பூர் போகிறது. ஊருக்குள் போகிற எங்கள் பக்கத்து ஆள் பாதிப்பேர் பால்பண்ணையிலோ டோல்கேட்டிலோ குதித்துவிடுகிறான். குதித்துவிடுகிறான் என்றுதான் சொல்ல வேண்டும், இறங்குகிற மாதிரியா இருக்கிறது? நிழற்குடை இல்லை, வண்டி ஒதுங்க இடம் இல்லை. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை 14.5 கிலோமீட்டருக்கு சர்வீஸ் ரோடு வேண்டும் என்று எத்தனை வருஷமாகப் போராட்டம் நடக்கிறது என்பது இந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். அது வராமல் ஹைவே ஓரத்தை பஸ் ஸ்டாப்பாக்கினால் ஆள் அடிபடத்தான் செய்யும். 2024 ஜனவரியில் பொன்மலை ரயில்வே பாலத்தின் தடுப்புச் சுவர் சரிந்து ஜி கார்னரில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்களே, அந்த நாட்களில் பார்த்தோம், அந்த ஒரு இடம் அடைத்தால் ஊருக்குள் பஸ் என்ன ஆகும் என்று.

ஆகவே என் கட்சி இது: பெரிய ஸ்டாண்டு பஞ்சப்பூரிலேயே இருக்கட்டும், ஆனால் ஜனம் நிஜமாகவே மாறி ஏறுகிற இடம் டோல்கேட்டும் மன்னார்புரமும். அங்கே லைட், கூரை, கழிப்பறை, வண்டி ஒதுங்க ஒரு பஸ் பே, இதைச் செய்ய கோடிக்கணக்கில் செலவு ஆகாது.

ஊருக்கு வந்த சென்னைவாசி:

நாங்கள் இதே கூத்தைக் கிளாம்பாக்கத்தில் பார்த்துவிட்டோம். 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள், அடுத்த மாதமே கோயம்பேட்டிலிருந்து தென்மாவட்ட வண்டிகள் எல்லாம் அங்கே. பக்கத்திலேயே ரயில் பாதை போகிறது, ஆனால் திறக்கும்போது ரயில் நிலையம் இல்லை. விடியற்காலை ஊரிலிருந்து வந்து இறங்கினவன் ஆட்டோக்காரன் கேட்ட காசைக் கேட்டு மூர்ச்சையானான். பெருங்களத்தூரிலும் தாம்பரத்திலும் இறங்கினவன் பிழைத்தான், உங்கள் டோல்கேட் மாதிரியேதான். கோயம்பேடு 2002இல் திறந்தபோதும் பிராட்வேயை விட்டு இவ்வளவு தூரமா என்றுதான் திட்டினார்களாம், அப்புறம் அதுவே ஊருக்கு நடுவில் வந்துவிட்டது. பழகிவிடும், கவலைப்படாதீர்கள்.

பழைய கண்டக்டர்:

தம்பி, பழகிவிடும் என்பது பஸ் கம்பெனி பேச்சு. கோயம்பேடு பழகியது ஜனம் பொறுத்துக்கொண்டதால் மட்டும் இல்லை, அங்கேயிருந்து ஊரின் எல்லா மூலைக்கும் எம்டிசி வண்டி விட்டதால், பிற்பாடு மெட்ரோவும் வந்ததால். இங்கே மெட்ரோவும் இல்லை, மின்சார ரயிலும் இல்லை. டவுன் பஸ்ஸை விட்டால் ஆட்டோதான். கோயம்பேடும் பஞ்சப்பூரும் ஒன்று இல்லை.

மினி பஸ் வருகிறதே என்று யாராவது கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைத்தார்களே அந்தப் புதுத் திட்டத்தில் அதிகபட்சம் 25 கிலோமீட்டர் ஓடலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் ஏற்கனவே பஸ் இல்லாத ரோடாக இருக்க வேண்டும். பஸ்ஸே பார்க்காத குடியிருப்புகளுக்கு நல்லது. பாலக்கரை மெயின்கார்டுகேட் லைனுக்கு அதில் ஒரு வண்டியும் வராது, அந்த ரோடு முழுக்க ஏற்கனவே பஸ் ஓடுகிற ரோடு.

கீரனூர்க்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கண்டக்டர் அண்ணா, அந்த சிங்கிள் கணக்கைப் படித்ததும்தான் விஷயம் விளங்கியது. பாலக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, முன்பு வந்துகொண்டிருந்த அரசு பஸ் இப்போது காணோமே என்று சொல்லிக்கொண்டே இருப்பார், நாங்கள் எல்லாம் அவரைக் கிண்டல் செய்வோம்.

தபால் நிலையம் பக்கம் நடந்து பார்த்தேன், காலையில் பரவாயில்லை. கையில் சாப்பாட்டுப் பையும் மழைக்குக் குடையுமாக அந்த ரோட்டைக் கடப்பதுதான் உயிர் போகிற வேலை, ஆனால் அரசு பஸ் கிடைத்தது. சுப்பிரமணியபுரத்தில் ராத்திரி நின்றேன், பக்கத்தில் கடைகள் திறந்திருப்பதால் பயமில்லை. வண்டியும் நின்றது. சீட் இல்லை, அண்ணா சொன்ன மாதிரியே மாத்தூரில்தான் கிடைத்தது.

ஒன்று கேட்கணும். எங்கள் ஊரில் ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, யாரும் இதுவரை அதைச் சொல்லவில்லையே?

தண்டவாளம்:

நான் சொல்லலாம் என்றுதான் வந்தேன். காரைக்குடி, புதுக்கோட்டை பக்கமிருந்து காலையில் திருச்சி வரும் பாசஞ்சர் கீரனூரில் நிற்கும். ஜங்ஷனில் இறங்கி வெளியே வந்தால் எதிரே சென்ட்ரல், அங்கே டவுன் பஸ் மட்டும் இன்னும் நிற்கிறது, அதாவது உங்களுடைய பழைய வழி அப்படியே திரும்பக் கிடைக்கிறது. மாதச் சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ் செலவில் பாதிகூட ஆகாது.

சிக்கல் இரண்டு. வண்டி மிகக் குறைவு, காலையில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நிற்க முடியாது, பஸ்தான். அப்புறம் ராத்திரி ஒன்பதுக்குக் கடை மூடுகிறவருக்கு மாலைப் பாசஞ்சரால் பயனில்லை, ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் மாதிரி வண்டிகள் கீரனூரில் நிற்பதை நம்பி இருக்க வேண்டாம். அதனால் காலையில் ரயில், ராத்திரி சுப்பிரமணியபுரம் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிக்கு மட்டும் உபயோகித்தாலும் சீசன் லாபம்தான், நான் மணப்பாறையிலிருந்து அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். நேரத்தை ஆப்பில் பார்ப்பதோடு விடாமல் ஸ்டேஷன் மாஸ்டரிடமும் ஒருதரம் கேட்டுவிடுங்கள், பாதை வேலை நடக்கிற நாட்களில் பாசஞ்சரைத்தான் முதலில் ரத்து செய்வார்கள்.

பழைய கண்டக்டர்:

அங்கேயும் டிரிப் கட்தான் போல. தங்கச்சி, சீசன் எடுப்பதற்கு முன் ஒரு வாரம் தனி டிக்கெட்டில் வந்து பாருங்கள். கடைக்கு நேரத்துக்கு வந்து சேர முடிகிறதா என்று தெரிந்துகொண்டு அப்புறம் எடுக்கலாம்.